பதவியைத் திருப்பிக் கொடுத்த தளபதி

1783-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ந் தேதி. செவ்வாய்க்கிழமை. பகல் 12 மணி.

அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தின் தலைநகரம் அன்னாபொலிஸ். சிறிய ஊர். அங்குள்ள சட்டசபைக் கட்டிடத்தில் அன்று கூட்டம் நெருக்கியடித்தது. மேல் மாடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கீழே சுவர் ஓரமெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் நின்றார்கள். நடுவில் சுமார் 20 பேர் தலையில் தொப்பியுடன் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள்தான் அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் உறுப்பினர்கள்.

அப்போது உயரமான ஒரு மனிதர் உள்ளே அழைத்து வரப்பட்டார். ராணுவ உடை அணிந்திருந்தார். வயது 51. அவர் பெயரைக் கேட்டாலே அந்நாட்டு மக்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். எட்டரை ஆண்டுக் காலம் போர் நடத்தி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தையே தோற்கடித்த தளபதி அவர். பெயர் ஜார்ஜ் வாஷிங்டன்.

அன்று அவர் பரிசு வாங்க வரவில்லை. பட்டம் வாங்க வரவில்லை. தம்முடைய பதவியை ராஜினாமா செய்ய வந்திருந்தார்.

இதில் என்ன அதிசயம் என்று சிலர் நினைக்கலாம். போர் முடிந்தால் தளபதி வீட்டுக்குப் போவது இயல்புதானே என்று கேட்கலாம். ஆனால் அந்தக் காலம் வரை உலகம் கண்டிருந்தது வேறு. வெற்றி பெற்ற தளபதிகள் பலர் வீட்டுக்குப் போகவில்லை, அரண்மனைக்குப் போனார்கள். ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் தம் படையுடன் திரும்பி வந்து நாட்டையே கைப்பற்றினார். இங்கிலாந்தில் ஆலிவர் கிராம்வெல் 1653-ம் ஆண்டில் சிப்பாய்களை அழைத்து வந்து பார்லிமெண்டைக் கலைத்தார். பிறகு அவரே நாட்டை ஆண்டார்.

வாஷிங்டன் ஏன் அப்படிச் செய்யவில்லை? இதைத் தெரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையை முதலில் இருந்து பார்க்க வேண்டும். ஏனென்றால், அவர் ராணுவப் பதவியை ராஜினாமா செய்தது அன்று முதல் முறை அல்ல. மூன்றாவது முறை!

தகப்பனை இழந்த சிறுவன்

வாஷிங்டன் பிறந்தது 1732-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி. ஊர், வர்ஜீனியா மாகாணம். அப்போது அமெரிக்கா சுதந்திர நாடு அல்ல. பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியில் இருந்தது.

அவருக்கு 11 வயது ஆனபோது தகப்பனார் காலமானார். மூத்த தாரத்து அண்ணன் லாரன்ஸ்தான் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். லாரன்ஸ் பிரிட்டிஷ் படையுடன் சேர்ந்து கடல் கடந்து போர் செய்தவர். அவரிடம் போர்க் கதைகளைக் கேட்டு வளர்ந்த தம்பிக்கும் பட்டாளத்தின் மேல் ஆசை பிறந்தது.

கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. நிலம் அளக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். 16 வயதிலேயே காட்டிலும் மேட்டிலும் அலைந்து நிலம் அளந்தார். மழையில் நனைந்தார், வெட்ட வெளியில் படுத்து உறங்கினார். பிற்காலத்தில் போர்க்களத்துக்கு வேண்டிய உடல் உரம் அந்த வேலையில்தான் வந்தது.

1752-ம் ஆண்டில் அண்ணன் லாரன்ஸ் காசநோயால் இறந்தார். பொட்டோமாக் நதிக்கரையில் அவருக்கு மவுண்ட் வெர்னன் என்ற பண்ணை இருந்தது. அது பின்னர் தம்பியின் கைக்கு வந்தது. அந்தப் பண்ணை வீட்டை வாஷிங்டன் உயிருக்குச் சமமாக நேசித்தார்.

முதல் ராஜினாமா

1754-ம் ஆண்டில், 22-வது வயதில், வாஷிங்டன் வர்ஜீனியா படையில் கர்னல் ஆனார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் அப்போது சண்டை மூண்டது. அவ்வாண்டு ஜூலை மாதம் ஒரு சிறு கோட்டையில் அவர் பிரெஞ்சுப் படையிடம் சிக்கினார். கொட்டும் மழையில் சண்டை நடந்தது. முடிவில் அவர் சரண் அடைய நேர்ந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு வர்ஜீனியா படையைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்தார்கள். அதில் காப்டன் பதவிக்கு மேல் பதவி கிடையாது என்று உத்தரவு வந்தது. கர்னலாக இருந்தவர் காப்டனாக இறங்க வேண்டும்! அதோடு, மன்னரிடம் நேராகப் பதவி பெற்ற பிரிட்டிஷ் அதிகாரிகளின் உத்தரவுக்கு அவர் பணிய வேண்டும்.

இளைஞருக்கு ரோஷம் வந்தது. பதவியை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இதுதான் முதல் ராஜினாமா. அதில் தியாகம் எதுவும் இல்லை. தமக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லையே என்ற கோபம்தான் இருந்தது.

இரண்டாவது ராஜினாமா

கோபம் தணிந்தது. ஆசை தணியவில்லை. மறு ஆண்டே பிராடக் என்ற பிரிட்டிஷ் தளபதியுடன் சம்பளம் இல்லாத உதவியாளராகப் போருக்குப் போனார். 1755-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி நடந்த சண்டையில் அந்தப் படை சின்னாபின்னமானது. பிராடக் படுகாயம் அடைந்து இறந்தார். வாஷிங்டன் ஏறியிருந்த இரண்டு குதிரைகள் சுடப்பட்டு விழுந்தன. நான்கு குண்டுகள் அவருடைய சட்டையைத் துளைத்துச் சென்றன. உடம்பில் ஒரு காயமும் இல்லை!

அதன் பிறகு அவர் மீண்டும் கர்னல் ஆனார். வர்ஜீனியா படை முழுவதற்கும் தலைமை வகித்தார். 1758-ம் ஆண்டு நவம்பரில் பிரெஞ்சுக்காரர்களின் முக்கியமான கோட்டையான டூக்கேன் பிரிட்டிஷார் வசம் வந்தது. அந்தப் படையெடுப்பில் அவரும் இருந்தார்.

ஆனாலும் அவருக்கு ஒரு மனக்குறை. பிரிட்டிஷ் மன்னரின் நேரடிப் படையில் அதிகாரி ஆக வேண்டும் என்று அவர் விரும்பினார். எவ்வளவோ முயன்றும் அந்தப் பதவி கிடைக்கவில்லை. வயிற்றுக் கடுப்பு நோய் வேறு அவரை வாட்டியிருந்தது. மார்த்தா என்ற பெண்மணியுடன் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. 1758-ம் ஆண்டு முடிவில் இரண்டாவது முறையாகப் பதவியைத் துறந்தார்.

அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் இன்னும் ஓர் ஆண்டாவது இருக்கும்படி எழுதிக் கெஞ்சினார்கள். அவர் அன்போடு மறுத்துவிட்டார். 1759-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி மார்த்தாவை மணந்தார். மவுண்ட் வெர்னனில் பயிர் செய்யத் தொடங்கினார். ராணுவ வாழ்க்கை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 16 ஆண்டுகள் உருண்டன.

சம்பளம் வாங்காத தளபதி

1775-ம் ஆண்டில் அமெரிக்க மக்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார்கள். 13 மாகாணங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியா நகரில் காங்கிரஸ் சபையாகக் கூடினார்கள். ஜூன் 15-ந் தேதி, தங்கள் படைக்குத் தலைமைத் தளபதியாக வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதச் சம்பளம் 500 டாலர் என்றும் தீர்மானித்தார்கள்.

சம்பளம் வேண்டாம் என்று வாஷிங்டன் சொல்லிவிட்டார். தாம் செய்யும் செலவுக்குக் கணக்கு எழுதி வைப்பதாகவும், அதை மட்டும் கொடுத்தால் போதும் என்றும் தெரிவித்தார்.

அவருக்குக் காங்கிரஸ் சபை ஒரு நியமனப் பத்திரம் கொடுத்தது. சபைத் தலைவர் ஜான் ஹான்காக் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்தப் பத்திரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமது கதையே இந்தக் காகிதத்தைப் பற்றியதுதான்.

போர் எளிதாக இல்லை. 1776-ம் ஆண்டில் நியூயார்க் நகரை அவர் இழந்தார். படை கரைந்துகொண்டே போனது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைப் படகில் கடந்து, மறுநாள் காலையில் டிரெண்டன் என்ற ஊரில் எதிரிகளை வென்றார். நாட்டுக்கு நம்பிக்கை பிறந்தது.

1777-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு ஒன்றில் படை முகாம் போட்டது. வேலி போர்ஜ் என்று அந்த இடத்துக்குப் பெயர். சிப்பாய்களுக்குப் போதிய உணவு இல்லை. பலருக்குக் காலில் செருப்புக்கூட இல்லை. குளிரிலும் காய்ச்சலிலும் சுமார் 2,000 பேர் மாண்டார்கள். தளபதி அவர்களை விட்டுப் போகவில்லை.

பிறகு பிரெஞ்சு நாடு உதவிக்கு வந்தது. 1781-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி யார்க்டவுன் என்ற ஊரில் பிரிட்டிஷ் படை சரண் அடைந்தது. அந்தப் படையின் தளபதி காரன்வாலிஸ் பிரபு. நம் நாட்டுக்கு அவர் புதியவர் அல்ல. பின்னாளில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானுடன் போரிட்டவர் அவரே. அவருடைய சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிரீடம் வேண்டாம்

யார்க்டவுன் வெற்றிக்குப் பிறகும் சமாதான உடன்படிக்கை உடனே ஏற்படவில்லை. படையைக் கலைக்க முடியவில்லை. சிப்பாய்கள் வேலை இல்லாமல் முகாமில் காத்துக் கிடந்தார்கள். சம்பளம் மாதக் கணக்கில் பாக்கி. காங்கிரஸ் சபையிடம் பணம் இல்லை. வரி போடும் அதிகாரமும் அதற்கு இல்லை. மாகாணங்கள் கொடுத்தால்தான் உண்டு. மாகாணங்களோ கையை விரித்தன.

1782-ம் ஆண்டு மே மாதம் நிக்கோலா என்ற கர்னல் வாஷிங்டனுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். இந்தக் காங்கிரஸ் சபையால் எந்தப் பயனும் இல்லை. நாட்டுக்கு ஒரு மன்னர் வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த மன்னர் யார் என்பதையும் அவர் குறிப்பாக உணர்த்தியிருந்தார்.

படை அவர் கையில். மக்கள் அவர் பக்கம். தடுக்கக்கூடியவர் யாரும் இல்லை. தலையை அசைத்தால் கிரீடம் வந்திருக்கலாம். ஆனால் கடிதத்தைப் படித்த வாஷிங்டன் வேதனை அடைந்தார். அன்றைக்கே கடுமையான பதில் எழுதினார். அப்படி ஓர் எண்ணத்தையே மனத்தில் இருந்து அகற்றும்படி கண்டித்தார். அந்தப் பதிலுக்கு ஒரு நகல் எடுத்து, தம் உதவியாளர்களைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பத்திரப்படுத்தினார்.

மூக்குக் கண்ணாடி

அடுத்த ஆண்டில் இதைவிடப் பெரிய சோதனை வந்தது.

போர் முடிந்து ஓய்வு பெறும் அதிகாரிகளுக்கு ஆயுள் முழுவதும் பாதிச் சம்பளம் கொடுப்பதாக 1780-ம் ஆண்டில் காங்கிரஸ் வாக்களித்திருந்தது. வாக்கு காகிதத்தில்தான் இருந்தது. படையைக் கலைத்துவிட்டால் நம்மை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. பலர் கடன்பட்டிருந்தார்கள். வீட்டில் பெண்டு பிள்ளைகள் வாடினார்கள்.

1783-ம் ஆண்டு மார்ச் மாதம், நியூபர்க் முகாமில் பெயர் இல்லாத கடிதங்கள் கைக்குக் கை மாறின. நமக்கு நீதி கிடைக்காவிட்டால் ஆயுதத்தைக் கீழே வைக்கக்கூடாது என்று அவை தூண்டின. மக்கள் சபையைத் துப்பாக்கியால் மிரட்டுவதற்கு அதுதான் முதல் படி.

மார்ச் 15-ந் தேதி அதிகாரிகள் கூடினார்கள். யாரும் எதிர்பாராத விதமாக வாஷிங்டன் அங்கே வந்தார். பொறுமையாக இருக்கும்படி வேண்டினார். அதிகாரிகளின் முகத்தில் இறுக்கம் தளரவில்லை. பிறகு, காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்ட எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறினார். மெல்லச் சட்டைப் பைக்குள் கை விட்டு, மூக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடி போடுவதை அங்கிருந்த பலர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாட்டுக்கு உழைத்ததில் தலை நரைத்தது போலவே கண்ணும் மங்கிவிட்டதாகச் சொல்லி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். போர்க்களத்தில் கலங்காத அதிகாரிகள் கண் கலங்கினார்கள். நம்மைப் போலத்தானே இவரும் கஷ்டப்பட்டார் என்று உணர்ந்தார்கள். அவர் வெளியே போனதும், காங்கிரஸ் சபையிடம் தங்களுக்கு நம்பிக்கை உண்டு என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

வாஷிங்டன் அதோடு விட்டுவிடவில்லை. அதிகாரிகளுக்காகக் காங்கிரசிடம் வாதாடினார். ஆயுள் முழுவதும் பாதிச் சம்பளத்துக்குப் பதிலாக, ஐந்து ஆண்டு முழுச் சம்பளம் தருவதாகச் சபை ஒப்புக்கொண்டது. ஆனால் கைக்கு வந்தது ரொக்கம் அல்ல, கடன் பத்திரம். வயிற்றுப் பாட்டுக்காகப் பலர் அதை வந்த விலைக்கு விற்றார்கள். 45 ஆண்டுகள் கழித்து, 1828-ல்தான் உயிரோடு எஞ்சியிருந்த அதிகாரிகளுக்கு முழுச் சம்பளம் வழங்கச் சட்டம் வந்தது. அதற்குள் பெரும்பாலோர் மண்ணோடு மண்ணாகியிருந்தார்கள். சுதந்திரப் போரின் புகழோடு இந்தக் குறையையும் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது.

விடை பெற்றார்

1783-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி பாரிஸ் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. நவம்பர் 25-ந் தேதி நியூயார்க் நகரில் இருந்து கடைசிப் பிரிட்டிஷ் சிப்பாயும் கப்பல் ஏறினான்.

டிசம்பர் 4-ந் தேதி நியூயார்க்கில் பிரான்சஸ் என்பவரின் விடுதியில் வாஷிங்டன் தம் அதிகாரிகளிடம் விடை பெற்றார். பெரும்பாலோர் அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டதால் சிலரே வந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் அருகே அழைத்தார். முதலில் ஜெனரல் நாக்ஸ் வந்தார். பருத்த உடம்புக்காரர். போர் தொடங்கிய நாளில் இருந்து கூடவே இருந்தவர். இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அடுத்து ஒவ்வொருவராக வந்தார்கள். யாராலும் பேச முடியவில்லை. வாஷிங்டன் கண்ணீர் வழிய வெளியே நடந்து போய்ப் படகில் ஏறினார்.

வழியில் பிலடெல்பியாவில் இறங்கினார். எட்டு ஆண்டுச் செலவுக் கணக்கைத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். அதைக் கணக்கு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். பதவியை விடும் முன் கணக்கை முடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ராஜினாமா எப்படிச் செய்வது?

டிசம்பர் 19-ந் தேதி அன்னாபொலிஸ் வந்து சேர்ந்தார். காங்கிரஸ் சபை அப்போது அங்கேதான் கூடிக்கொண்டிருந்தது. ராஜினாமாவை எழுதிக் கொடுக்க வேண்டுமா, நேரில் வந்து கொடுக்க வேண்டுமா என்று சபையைக் கேட்டார். எத்தனை அடக்கம் பாருங்கள்! சபையில் இருந்ததோ சுமார் 20 பேர். கஜானா காலி. ஆனாலும் அவர்கள் சொல்கிறபடி செய்யக் காத்திருந்தார். ஏனென்றால் அவர்கள்தான் மக்களின் பிரதிநிதிகள்.

ராணுவ உத்தியோகத்தின் தன்மை இதில்தான் இருக்கிறது. அதிகாரி ஒருவர் தம் இஷ்டத்துக்கு வேலையை விட்டுப் போக முடியாது. அவருக்குப் பதவி கொடுத்த சர்க்கார் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்ளும் வரை அவர் கடமையில்தான் இருக்கிறார். நம் நாட்டு ராணுவத்திலும் இதுதான் முறை. அதிகாரியின் நியமனம் ஜனாதிபதியின் பெயரால் நடக்கிறது. ராஜினாமா கடிதம் கொடுத்தாலும், சர்க்கார் சம்மதித்த பிறகே அது செல்லும். வாளைக் கொடுத்தவர்களிடமே வாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

வாஷிங்டன் ராஜினாமா செய்த காலத்தில் அமெரிக்காவுக்கு இது புதிது. முன்மாதிரி கிடையாது. அதனால் சபை ஒரு குழு போட்டது. பிற்காலத்தில் ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சனும் அதில் ஒருவர். யார் உட்கார வேண்டும், யார் நிற்க வேண்டும், யார் முதலில் பேச வேண்டும் என்று அந்தக் குழு எழுதி வைத்தது.

தளபதி எழுந்து நின்று சபையை வணங்க வேண்டும். உறுப்பினர்கள் உட்கார்ந்தபடியே தொப்பியை எடுப்பார்கள். ஆனால் தலை வணங்க மாட்டார்கள். உலகப் புகழ் பெற்ற தளபதிக்கு இது அவமரியாதை அல்லவா? இல்லை. படையைவிட மக்கள் சபை உயர்ந்தது என்பதைக் காட்டவே அந்த ஏற்பாடு. வாஷிங்டன் மனப்பூர்வமாக அதற்கு உடன்பட்டார்.

மூன்றாவது ராஜினாமா

அந்த நாளும் வந்தது. சபையின் தலைவர் நாற்காலியில் தாமஸ் மிப்ளின் இருந்தார். ஒரு காலத்தில் வாஷிங்டனின் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். இப்போது எஜமானர் நிற்கிறார், உதவியாளர் உட்கார்ந்திருக்கிறார்! வாஷிங்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆளுக்கு அல்ல, நாற்காலிக்கே வணக்கம் என்பது அவருக்குத் தெரியும்.

எழுதி வந்த காகிதத்தைப் பிரித்தார். கை நடுங்கியது. தம்முடன் உழைத்த அதிகாரிகளைப் பற்றிப் படிக்கும்போது நடுக்கம் அதிகமானது. இரண்டு கைகளாலும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். நாட்டைக் கடவுளின் காவலில் ஒப்படைக்கும் இடம் வந்ததும் குரல் தழுதழுத்தது. சற்று நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

படித்து முடித்தார். சட்டையின் உட்புறம் கை விட்டார். 1775-ம் ஆண்டில் கொடுக்கப்பட்ட அந்த நியமனப் பத்திரத்தை எடுத்தார். முன்னால் சென்று மிப்ளின் கையில் கொடுத்தார்.

அந்த நிமிடத்தில் அவர் தளபதி அல்ல. சாதாரணக் குடிமகன்.

சபை முடிந்தது. மீண்டும் வந்து உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் விடை பெற்றார். குதிரை தயாராக இருந்தது. உடனே புறப்பட்டார். மறுநாள் மாலை, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய இரவில், மவுண்ட் வெர்னன் வந்து சேர்ந்தார். மார்த்தா காத்துக்கொண்டிருந்தார்.

இந்தச் செய்தி கடல் கடந்து பரவியது. போரில் தோற்ற பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜே, இப்படிப் பதவியை விட்டுவிட்டால் அவர்தான் உலகிலேயே பெரிய மனிதர் என்ற கருத்தில் வியந்ததாகச் சொல்வார்கள்.

மறுபடியும் அழைப்பு

மக்கள் அவரை விடவில்லை. 1787-ம் ஆண்டில் அரசியல் சட்டம் எழுதும் சபைக்குத் தலைமை வகிக்க அழைத்தார்கள். 1789-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். இரண்டு முறை அப்பதவியில் இருந்தார். மூன்றாம் முறையும் எளிதாக ஜெயித்திருப்பார். ஆனால் 1797-ம் ஆண்டில் தாமாகவே விலகிவிட்டார். பதவியை விடுவது அதற்குள் அவருக்குப் பழகிப்போன வித்தை.

1798-ம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுடன் போர் மூளும் போல இருந்தது. ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் அவரை மீண்டும் படைத் தலைவராக நியமித்தார். அவசியம் ஏற்பட்டால் மட்டுமே முகாமுக்கு வருவதாகவும், அதுவரை சம்பளம் வேண்டாம் என்றும் சொல்லி வாஷிங்டன் ஒப்புக்கொண்டார். போர் மூளவில்லை. 1799-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி, 67-வது வயதில், தொண்டை நோயால் மவுண்ட் வெர்னனில் காலமானார். மூன்று முறை ராணுவப் பதவியைத் துறந்தவர், கடைசியில் பதவியில் இருக்கும்போதே கண் மூடினார்!

அவர் இறப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் பிரெஞ்சு நாட்டில் வேறொரு தளபதி சிப்பாய்களைக் கொண்டு ஆட்சியைப் பிடித்தார். அவர் நெப்போலியன். வாஷிங்டனின் மரணச் செய்தி கேட்டதும் தம் படையை 10 நாள் துக்கம் அனுஷ்டிக்கச் சொன்னதும் அதே நெப்போலியன்தான்.

குறையும் உண்டு

வாஷிங்டன் குறை இல்லாத மனிதர் அல்ல. சுதந்திரத்துக்குப் போராடிய அவருடைய பண்ணையில் அடிமைகள் வேலை செய்தார்கள். அவர் இறந்தபோது மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் அவருக்குச் சொந்தம். போர் முழுவதும் அவருடன் குதிரையில் சென்று ஊழியம் செய்த வில்லியம் லீயும் ஓர் அடிமைதான். தளபதி பதவியை விட்டு வீடு திரும்பினார். வில்லியம் லீயோ அடிமையாகவே திரும்பினார்.

வயதான காலத்தில் இது வாஷிங்டனின் மனத்தை உறுத்தியது. 1799-ல் உயில் எழுதினார். வில்லியம் லீக்கு உடனே விடுதலையும், ஆயுள் முழுவதும் உதவித் தொகையும் கொடுத்தார். தம்முடைய மற்ற அடிமைகளை மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். மார்த்தா அதுவரை காத்திராமல் 1801-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியே அவர்களை விடுவித்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்து என்பதால் அவர்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

மூன்று ராஜினாமா, மூன்று பாடம்

22 வயதில் கோபத்தால் பதவியை விட்டார். 26 வயதில் களைப்பாலும் ஏமாற்றத்தாலும் விட்டார். இரண்டும் தமக்காக. 51 வயதில் விட்டதோ நாட்டுக்காக. மனிதர் ஒருவர்தான். இடையில் அவர் வளர்ந்திருந்தார்.

அன்னாபொலிஸ் சட்டசபைக் கட்டிடம் இன்றும் இருக்கிறது. அவர் நின்று படித்த மண்டபத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவர் கையில் பிடித்திருந்த உரையின் பிரதியையும் அந்தக் கட்டிடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

வாஷிங்டன் பல சண்டைகளில் தோற்றவர். அவரைவிடத் திறமையான தளபதிகள் உலகில் உண்டு. ஆனால் கையில் இருந்த அதிகாரத்தை, யாரும் கேட்காமலே, கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். அதனால்தான் அவருடைய நாட்டில் அன்று முதல் படை மக்கள் சபைக்கு அடங்கி நடக்கிறது.

பதவி என்பது இரவல் நகை. அணிந்திருக்கும்போது அழகுதான். காரியம் முடிந்ததும் உரியவரிடம் குறையாமல் திருப்பிக் கொடுத்தால்தான் அணிந்தவருக்கு மரியாதை.